இருபது பேர் சீட்டு

சங்க மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டும் என்று நம் செயலாளர் கேட்டபோது, "உன் ஆராய்ச்சியைப் பற்றியே எழுது, ஆனால் எல்லோருக்கும் விளங்கும்படி எழுது" என்று ஒரு நிபந்தனையும் விதித்தார். முன்பாதி எளிது, பின்பாதிதான் கடினம். என் ஆராய்ச்சி இன்னதென்று இரண்டு ஆண்டுகளாக என் அம்மாவுக்கு விளக்க முயன்று தோற்றவன் நான். ஆயினும் சென்ற மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அம்மாவுக்கு என் பாடம் முன்பே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் அது பாதி தெரிந்திருக்கிறது என்பதை அன்று உணர்ந்தேன். ஆகவே ஆராய்ச்சியையும் அந்த நிகழ்ச்சியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு தாராவியில், 90 அடிச் சாலையிலிருந்து உள்ளே செல்லும் ஒரு சந்தில் இருக்கிறது. பாட்டனார் நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். அம்மா மாதுங்காப் பூக்கடைகளுக்குப் பூக்கட்டிக் கொடுப்பவர். அதோடு, நான் சிறுவனாக இருந்த நாள் முதல் சீட்டும் பிடித்து வருகிறார். 20 பேர், ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய், 20 மாதம். ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி குலுக்கிப் பெயர் எடுப்பார்கள். பெயர் வந்தவருக்கு 40,000 ரூபாய் கிடைக்கும். எடுத்தவர் மிச்ச மாதங்களுக்கும் தவறாமல் கட்டி வரவேண்டும். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் உண்டு. அந்த நோட்டை எழுதும் பொறுப்பு நான் பத்தாம் வகுப்புத் தேறியதும் எனக்கு வந்தது.

சீட்டில் இருப்பவர்கள் யார்? நடுச்சாமத்தில் எழுந்து அடுப்பு மூட்டி, விடியுமுன் ஆயிரக்கணக்கில் இட்லி அவித்து, மிதிவண்டியில் கட்டி நகரமெங்கும் அனுப்புகிறவர்கள். செம்பூர் வீடுகளுக்குச் சமையல் செய்யப் போகிறவர்கள். தோல் பை தைப்பவர்கள். மாநகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். இவர்களில் எவருக்கும் வங்கி எளிதில் கடன் கொடுக்காது. இட்லி அண்டா ஓட்டையானாலும், மகன் கல்லூரியில் சேர்ந்தாலும், ஊரில் சாவு விழுந்தாலும் இந்தச் சீட்டுத்தான் துணை.

இப்போது ஒரு கேள்வியை எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் மாதமே 40,000 ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டவர் ஆறாம் மாதம் ஏன் கட்ட வேண்டும்? கட்டாமல் இருந்தால் அவருக்கு இலாபம்தானே? எல்லோரும் அப்படியே எண்ணினால் சீட்டே இல்லை. தனித்தனியே பார்த்தால் ஏமாற்றுவது இலாபம். எல்லோரும் ஏமாற்றினால் எல்லோருக்கும் நட்டம். 1950-ல் அமெரிக்காவின் ராண்டு நிறுவனத்தில் மெரில் ஃபிளட், மெல்வின் டிரெஷர் என்ற இருவர் இந்தச் சிக்கலை ஒரு விளையாட்டாக அமைத்தார்கள். ஆல்பர்ட் டக்கர் என்ற கணித அறிஞர் அதைச் சிறைப்பட்ட இருவரின் கதையாகச் சொன்னார். அதனால் அதற்குக் 'கைதிகளின் இக்கட்டு' என்ற பெயர் நிலைத்தது.

அந்த விளையாட்டின் கணக்கு சிறியது. இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி. ஒருவர் ஒத்துழைக்க மற்றவர் ஏமாற்றினால், ஏமாற்றியவருக்கு 5, ஏமாந்தவருக்குச் சுழி. இருவரும் ஏமாற்றினால் ஆளுக்கு 1. ஒரே ஒரு முறை ஆடுவதானால் ஏமாற்றுவதே புத்திசாலித்தனம். ஆனால் அதே இருவர் மீண்டும் மீண்டும் சந்திக்க நேர்ந்தால்? அங்கேதான் கதை தொடங்குகிறது. என் ஆராய்ச்சியும் அங்கேதான் தொடங்குகிறது.

கணிப்பொறிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். 1960-ல் இந்த நகரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தாமே ஒரு கணிப்பொறியை ஆக்கி முடித்தார்கள். 1962-ல் அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் வைத்தவர் நேரு. அன்று ஒரு நகரத்திற்கு ஒரு கணிப்பொறி இருந்தாலே பெருமை. அதே நிலையத்தின் கணிப்பொறிகள் இன்று ஜெனீவாவில் நடக்கும் அணுத்துகள் ஆராய்ச்சியின் கணக்குகளில் ஒரு பகுதியைப் போட்டுக் கொடுக்கின்றன. 40-க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 170 நிலையங்கள் அந்த வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. செம்பூரைத் தாண்டி ட்ராம்பேயில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தாரும் அந்த வலையின் நடப்பைக் கண்காணிக்க மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பெரிய வேலையைப் பல பொறிகளுக்குப் பகிர்ந்து கொடுத்து முடிப்பதையே பகிர்ந்த கணிப்பு என்கிறோம்.

ஆனால் பங்கு என்றாலே வம்பும் உண்டல்லவா? 1999-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார், வேற்றுலக உயிர்களின் சைகை வானொலி அலைகளில் கிடைக்கிறதா என்று தேட, உலகெங்கும் உள்ள பொதுமக்களின் வீட்டுக் கணிப்பொறிகளை இரவல் கேட்டார்கள். இலட்சக்கணக்கானோர் மனமுவந்து கொடுத்தார்கள். 2020 வரை அந்த வேலை நடந்தது. அந்த நல்ல காரியத்திலும், செய்யாத வேலையைச் செய்ததாகக் கணக்குக் காட்டிப் பட்டியலில் முன்னுக்கு வர முயன்றவர்கள் சிலர் இருந்தார்கள்! ஆகவே ஒரே வேலையை ஒன்றுக்கு மேற்பட்ட பொறிகளிடம் கொடுத்து விடைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. மேற்பார்வை செய்ய நடுவில் ஒருவர் இருக்கும்போதே இப்படி. நடுவில் ஒருவரும் இல்லாமல், ஒவ்வொரு பொறியிலும் தம் நலம் தாமே பார்த்துக்கொள்ளும் சிறு நிரல்கள் குடியிருந்தால், அவை ஒன்றுக்கொன்று உதவுமா? அத்தகைய நிரல்களை 'முகவர்' என்கிறோம். முகவரிடையே ஒத்துழைப்பு எப்படித் தோன்றும், எப்படி வளரும், எப்படிச் சாகும் என்பதே என் ஆராய்ச்சி.

இத்துறையில் முதலில் படிக்க வேண்டியவர் ராபர்ட் ஆக்செல்ராட். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அரசியல் கற்பித்தவர். கைதிகளின் இக்கட்டில் வெல்லக்கூடிய நிரல்களை எழுதி அனுப்புமாறு பல துறை அறிஞர்களைக் கேட்டார். 14 நிரல்கள் வந்தன. சூழ்ச்சி நிறைந்த நிரல்களும் இருந்தன. ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் 200 முறை ஆடியது. வென்றதோ எல்லாவற்றிலும் சிறிய நிரல். டொராண்டோவில் இருந்த அனடோல் ரப்போபோர்ட் அனுப்பியது. அதற்கு இரண்டே விதிகள்: முதன்முறை ஒத்துழை, பிறகு எதிராளி சென்ற முறை செய்ததையே நீ இம்முறை செய். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் 'பதிலுக்குப் பதில்'. இந்த முடிவை ஊரறிய அறிவித்து இரண்டாம் போட்டி வைத்தார். 62 நிரல்கள் வந்தன. மீண்டும் அதுவே வென்றது.

அதன் வெற்றியில் ஒரு விந்தை உண்டு. 'பதிலுக்குப் பதில்' எந்த ஆட்டத்திலும் எதிராளியைவிட ஒரு புள்ளிகூட அதிகம் பெற்றதில்லை; பெறவும் முடியாது. அது தோற்றுத் தோற்று, அல்லது சமன் செய்து, மொத்தத்தில் முதலாவதாக வந்தது. எதிராளிகளையும் வாழவைத்து அதன் மூலம் தானும் வாழ்ந்தது. 1981-ல் ஆக்செல்ராடும் உயிரியல் அறிஞர் ஹாமில்டனும் சேர்ந்து, அறிவே இல்லாத உயிர்களிடத்தும் இம்முறையில் ஒத்துழைப்புத் தோன்றக்கூடும் என்று காட்டினார்கள். வள்ளுவர் ஒப்புரவு அறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். நுண்ணுயிருக்கும் ஒப்புரவு உண்டு என்று கேட்டால் அவர் மகிழ்ந்திருப்பார்.

இதைப் படித்த காலத்தில் எனக்கு உண்டான மயக்கத்தை என்னென்று சொல்வேன்! உலகத்தின் பூட்டுக்கெல்லாம் ஒரு சாவி கிடைத்துவிட்டது என்று எண்ணினேன். நம் துறையின் ஆய்வுக்கூடத்தில் மாலையில் ஓய்ந்து கிடக்கும் 10 கணிப்பொறிகளை அனுமதி பெற்று இணைத்தேன். ஒவ்வொன்றையும் ஒரு தெருவாக வைத்து, தெருவுக்கு 400 முகவர் வீதம் 4,000 பேரைக் குடியேற்றினேன். 'பதிலுக்குப் பதில்' முகவர்கள் செழித்தார்கள். ஆட்டத்திற்குச் சராசரி 3 புள்ளி, குறைவில்லாத 3. என் வழிகாட்டி அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உன் முகவர்களுக்குக் காது கேளாமல் போவதே இல்லையா?"

உண்மை உலகில் செய்தி தவறும், கை தவறும், சொன்னது ஒன்று, கேட்டது ஒன்றாகும். ஆகவே நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் பிழையைக் கலந்தேன். எந்த முகவரும் நூறு முறைக்கு ஒரு முறை கைதவறி, தாம் எண்ணியதற்கு நேர்மாறாகச் செய்துவிடுவார். நூற்றுக்கு ஒன்றுதானே, என்ன கெட்டுவிடும் என்று நினைத்தேன். ஆயிரம் சுற்று ஓடி முடிந்தபோது சராசரி 3-லிருந்து ஏறத்தாழ 2.3-க்கு விழுந்திருந்தது. நாணயத்தைச் சுண்டிவிட்டு விருப்பம்போல் ஆடினாலே சராசரி 2.25 கிடைக்கும்! என் நிரலில்தான் எங்கோ தவறு என்று முடிவு செய்து, சூலை மாதம் முழுவதும் இரவுகளில் வீட்டிலிருந்தபடியே மடிக்கணிப்பொறியில் அந்தத் தவறைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் தடித்த ஆராய்ச்சி நோட்டு கிடக்கும். வெளியே மழை கொட்டும்.

நிகழ்ச்சி நடந்தது அந்த மாதத்தில்தான்.

எங்கள் எதிர்வீட்டு அத்தை இட்லி வியாபாரம் செய்பவர். அம்மா அவரை "மதினி" என்று அழைப்பார். உறவு இல்லை, ஆனால் உறவைவிட மேல். மே மாதக் குலுக்கலில் அத்தையின் பெயர் வந்தது. 40,000 ரூபாய் வாங்கி மகனைக் கல்லூரியில் சேர்த்தார். சூன் மாதம் தவறாமல் கட்டினார். சூலை பத்தாம் தேதி போயிற்று, இருபதும் போயிற்று. நோட்டில் அவர் பெயருக்கு நேரே கட்டம் வெறுமையாக இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். "கேக்கிறேன், நீ சும்மா இரு" என்றார். நான் சும்மா இருக்கவில்லை. எனக்குத்தான் சாவி கிடைத்திருக்கிறதே! எதிராளி ஏமாற்றினால் உடனே பதில் கொடுக்க வேண்டும். தாமதித்தால் ஏமாளி என்று பெயர் வரும். குழாயடியில் பெண்கள் தண்ணீருக்கு நிற்கும்போது, யாரையும் பார்க்காதவன்போல், "சீட்டு எடுக்கும்போது இருக்கிற நினைப்பு கட்டும்போதும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டு தலை நிமிராமல் நடந்து சென்றதைப் பார்த்தேன். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டு பத்தாம் தேதி அத்தை பணம் கட்டவில்லை. அவர் மட்டுமா? இன்னும் ஐந்து பேர் கட்டவில்லை. "எடுத்தவளே கட்டலை, எடுக்காத நாங்க எதுக்குக் கட்டணும்?" என்றார்கள். 40,000 இருக்க வேண்டிய இடத்தில் 28,000 இருந்தது. அந்த மாதக் குலுக்கலில் பெயர் வந்தவர் அந்த ஓய்வு பெற்ற பெரியவர். கண் அறுவைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருந்தவர். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். மறுநாள் அவர் காதில் தோடு இல்லை. பெரியவருக்கு முழுப் பணமும் போய்ச் சேர்ந்தது.

"ஏமாத்துனவங்களுக்காக நீ நகையை வைக்கிறதா?" என்று நான் குதித்தேன். அம்மா என்னை ஒரு முறை பார்த்தார். "ஏலே, நோட்டுல எழுதுனா கணக்கு முடிஞ்சிருமா? இருபது வருசமா அவ ஒரு மாசம் தவறுனது உண்டா? அவ வீட்டு அடுப்பு எரியுதா, என்ன ஏதுன்னு நீ போய்ப் பாத்தியா?" என்றார். அவ்வளவுதான்.

ஆடிக் கடைசி வெள்ளி வந்தது. அம்மா இரண்டு முழம் மல்லிகையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். சீட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. பூவைக் கொடுத்து, வழக்கம்போல் அரைப்படி மாவு கேட்டார். அத்தை மாவை ஊற்றிக்கொண்டே அழுதுவிட்டாராம். "கொடுத்த பணத்தையே இல்லைன்னு சொன்னா நான் என்ன செய்வேன் மதினி? சின்னவகிட்ட கொடுத்தனுப்புனேனே" என்று கேட்டாராம்.

அம்மா வீட்டுக்கு வந்து என் முன் நின்றார். எனக்கு மெல்ல நினைவு வந்தது. ஒரு மழை இரவு. அத்தையின் சின்ன மகள் பிளாஸ்டிக் உறையில் எதையோ சுற்றிக் கொண்டுவந்தாள். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "வச்சிட்டுப் போ" என்றேன். நனைந்துவிடக் கூடாதென்று அதை எடுத்து எதிலோ செருகினேன். ஆராய்ச்சி நோட்டைப் பிரித்து உதறினேன். நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் விழுந்தன. சரியாக, 'பிழை எங்கே?' என்று நான் சிவப்பு மையால் எழுதிவைத்திருந்த பக்கத்திலிருந்து.

நண்பர்களே, என் நிரலில் பிழை இல்லை. 'பதிலுக்குப் பதில்' என்ற அறிவு மிக்க விதியின் பிழை அது. இருவர் நல்லெண்ணத்தோடு ஆடுகிறார்கள். ஒருமுறை ஒருவர் கை தவறுகிறது. மற்றவர் பதில் கொடுக்கிறார். அந்தப் பதிலுக்கு முதலாமவர் பதில் கொடுக்கிறார். மலையில் கூவிய குரல்போல் அது ஓயாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. இருவருமே நியாயவான்கள், இருவருமே விதிப்படி நடக்கிறார்கள், இருவருமே கெடுகிறார்கள். நான் நோட்டில் எழுத மறந்தது பிழை. நான் குழாயடியில் பேசியது பதில். அத்தை ஆகஸ்டில் கட்டாமல் இருந்தது பதிலுக்குப் பதில். ஐந்து பேர் கட்டாதது அதன் எதிரொலி. என் 4,000 முகவர்களும் எங்கள் 20 பேரும் ஒரே வழியில்தான் கெட்டார்கள்.

அன்று மாலையே அத்தை வீட்டு வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. அத்தை ஆகஸ்டுப் பணத்தை எண்ணி என் கையில் வைத்தார். "படிச்ச புள்ளை, கணக்கு தப்பாதுன்னு நெனச்சிருந்தேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இதைவிடக் கடுமையாக அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஒரு வாரத்துக்குள் மற்ற ஐவரும் கட்டிவிட்டார்கள். தீபாவளிக்குள் அம்மாவின் தோடு மீண்டது.

பிறகு நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். வியன்னாவைச் சேர்ந்த மார்ட்டின் நோவாக்கும் கார்ல் சிக்மண்டும் 1992-லேயே இதற்கு வழி கண்டிருந்தார்கள். பிழை மலிந்த உலகில் நிலைத்து வெல்வது 'பதிலுக்குப் பதில்' அன்று. அதன் பெருந்தன்மையான தங்கை. அவள் ஒத்துழைப்புக்கு எப்போதும் ஒத்துழைப்பையே தருவாள். ஏமாற்றுக்கு உடனே பதில் தரமாட்டாள். சில வேளை மன்னித்துவிடுவாள். எத்தனை முறைக்கு ஒருமுறை மன்னிக்கலாம்? நான் மேலே சொன்ன 5, 3, 1, 0 என்ற கணக்குக்கு விடை மூன்றில் ஒன்று. என் முகவர்களுக்கு அந்தக் குணத்தைக் கொடுத்தேன். சராசரி 2.9-க்கு மேல் ஏறிவிட்டது. பிழை அதே நூற்றுக்கு ஒன்றுதான். பிழை குறையவில்லை, எதிரொலி நின்றுவிட்டது.

ஆனால் மன்னிப்பு மட்டும் போதும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எப்போதும் மன்னிப்பவர்கள் நிறைந்த ஊரில் ஏமாற்றுக்காரன் ஒருவன் நுழைந்தால் ஊர் முழுவதையும் தின்றுவிடுவான். அதையும் என் திரையில் கண்டேன். ஏமாற்றுக்காரர்களே நிறைந்த ஊரில் பெருந்தன்மை முளைக்கவும் முடியாது. முதலில் கண்டிப்பான 'பதிலுக்குப் பதில்' வந்து வழி செய்ய வேண்டும். அதன் பின்னரே பெருந்தன்மை வாழும் என்பதும் அந்த இருவர் கண்ட முடிவே. அம்மாவின் வரலாற்றிலும் இது உண்டு. முன்பொருமுறை ஒருவர் சீட்டை எடுத்துக்கொண்டு ஊருக்கு ஓடிவிட்டார். மூன்று ஆண்டு கழித்துத் திரும்பி வந்து சிரித்துப் பேசினார். அம்மாவும் சிரித்துப் பேசினார், காப்பி கொடுத்தார், சீட்டில் மட்டும் சேர்க்கவில்லை. நோட்டை அம்மா மதிப்பவர்தான். ஆனால் நோட்டைவிட இருபது ஆண்டு நினைவை அதிகம் மதிப்பவர்.

இந்த விதி இப்போது உலகெங்கும் கணிப்பொறிகளுக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது. 2001-ல் பிராம் கோஹன் என்பவர் பிட்டாரென்ட் என்னும் கோப்புப் பகிர்வு முறையை ஆக்கினார். (விடுதியில் அதைப் பயன்படுத்தியவர்கள் யார் யார் என்று நான் கேட்கப் போவதில்லை.) அதில் நடுவர் இல்லை. உங்கள் கணிப்பொறியில் இருக்கும் முகவர், தனக்கு யார் நன்றாகக் கொடுக்கிறார்களோ அவர்களுக்கே தானும் கொடுக்கும், பதிலுக்குப் பதில்தான். ஆனால் அது மட்டும் இருந்தால், கொடுப்பதற்கு இன்னும் ஒன்றும் இல்லாத புதியவன் என்ன செய்வான்? ஆகவே கோஹன் இன்னொரு விதியும் வைத்தார். 30 வினாடிக்கு ஒருமுறை, யாரென்று தெரியாத ஒருவருக்கு, எதையும் எதிர்பாராமல் வாசலைத் திறந்துவிடு. அந்தத் திறந்த வாசலால்தான் அந்த வலைக்குள் புதியவர்கள் வரமுடிகிறது. பாட்டனார் தாராவியில் வந்து இறங்கிய நாளிலும் யாரோ ஒருவர் எதையும் எதிர்பாராமல் ஒரு வாசலைத் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். அதுவே என்னை இப்போது உறங்கவிடாமல் செய்வது.

ஒத்துழைப்புக்கு நல்லெண்ணம் போதாது. மீண்டும் சந்திப்போம் என்ற உறுதி வேண்டும். ஆக்செல்ராட் இதற்கும் கணக்குப் போட்டார். அதே 5, 3, 1, 0 கணக்கில், ஒவ்வொரு சந்திப்புக்குப் பின்னும் மறுபடி சந்திக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டுக்குக் குறைந்தால், 'பதிலுக்குப் பதில்' நிலைக்காது. நாளை இல்லாதவனிடம் இன்று நாணயம் எதிர்பார்க்க முடியாது. 1992-ல் நோவாக், ராபர்ட் மே என்பவரோடு சேர்ந்து செய்த இன்னொரு ஆராய்ச்சியும் உண்டு. நினைவே இல்லாத முகவர்களைச் சதுரங்கப் பலகைபோல் கட்டம் கட்டமாகக் குடியமர்த்தி, அண்டை வீட்டாரோடு மட்டுமே ஆடவிட்டார்கள். ஒத்துழைப்பவர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து பிழைத்துக்கொண்டார்கள். அதே முகவர்களைச் சுற்றுக்குச் சுற்று கலைத்துப் போட்டால் அவர்கள் அழிந்துவிடுவார்கள். அவர்களைக் காத்தது அறிவும் அன்று, நினைவும் அன்று, பக்கத்து வீடு.

என் ஆய்வுக்கூடத்தில் முகவர்களை ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு மாற்ற ஒரே ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். எப்போதாவது ஒருவரை மாற்றினால் ஊர் தாங்கிக்கொள்கிறது. அடிக்கடி மாற்றினால் சில நூறு சுற்றுகளில் ஒத்துழைப்பு மடிந்துபோகிறது. அந்த எண்ணைத் திருத்தும்போதெல்லாம் என் கை சற்று நிற்கிறது.

தாராவி மறுமேம்பாட்டுத் திட்டம் 2004 முதல் பேசப்பட்டு, 2022-ல் ஒப்பந்தப்புள்ளி முடிந்து, 2024-ல் வீடுவீடாகக் கணக்கெடுப்பும் தொடங்கியது. 2000 சனவரி 1-க்கு முன்னிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. பின்னால் வந்தவர்களுக்கும் மாடி அறைகளில் குடியிருப்பவர்களுக்கும் வேறிடம் என்பது வகுக்கப்பட்ட விதி. வீடு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? குழாயடியில் நின்று நின்று கால் வலித்த அம்மாவுக்கு, வீட்டுக்குள் குழாயும் கழிப்பறையும் வரும் என்றால் அதைவிட மகிழ்ச்சி எனக்கு எது? ஆனால் எங்கள் சீட்டு நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். 20 பேரில் 9 பேர் தரைத்தளம்; 11 பேர் மாடி. எதிர்வீட்டு அத்தை மாடி. கணக்கெடுப்பவர்கள் அறையை அளக்கிறார்கள், ஆண்டை எழுதுகிறார்கள். 'மதினி' என்ற உறவை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.

இச்சங்கத்து நண்பர்களுக்கும் ஒரு சொல். மாதுங்காத் தமிழர், செம்பூர்த் தமிழர், தாராவித் தமிழர் என்று நாமும் மூன்று தெருக்களாகத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். மாதுங்காவுக்கும் தாராவிக்கும் இடையில் ஓடுவது ஒரு ரயில் பாதைதான். அம்மா கட்டிய பூ அதைத் தினமும் கடக்கிறது. அத்தை அவித்த இட்லியும் கடக்கிறது. நாம் எத்தனை முறை கடந்திருக்கிறோம்? முதுகலை மாணவனுக்கு இங்கே இரண்டே ஆண்டு. மறுபடி சந்திக்கும் வாய்ப்புக் குறைவு. ஆகவே எவரும் எவருக்கும் வாசலைத் திறப்பதில்லை. கணக்கு அப்படித்தான் சொல்லும். கணக்கை மாற்ற வேண்டுமானால் சந்திப்பைக் கூட்ட வேண்டும். நம் சங்கம் இருப்பதன் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன். என்னிடம் நோட்டு இரவல் வாங்கித் திருப்பித் தராத இரு நண்பர்களுக்கும் இதனால் அறிவிப்பது: உங்களை மன்னித்தாயிற்று, மூன்றில் ஒரு முறைதான் இது நடக்கும்.

பழைய சீட்டு இந்த மாதத்தோடு முடிந்தது. கடைசிப் பெயர் எடுத்ததும் புதுச் சீட்டுக்கு ஆள் சேர்க்க அம்மா நோட்டை என்னிடம் நீட்டினார். வழக்கம்போல் ஒன்று முதல் இருபது வரை எண்ணிட்டுக் கோடு போடத் தொடங்கினேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பத்து போதும்ல" என்றார். "பத்து மாசச் சீட்டாப் போடுவோம். இருபது மாசத்துக்கு யாரு எங்க இருப்பாகளோ?"

பத்தாம் எண்ணோடு கோட்டை நிறுத்தினேன். முதல் பெயர் எதிர்வீட்டு அத்தையுடையது.